சொல்லிவிட்டுப் புறக்கணித்தவர்

கோவில்பட்டியில் நோட்டீஸ் அண்ணாச்சி புறக்கணிக்காமல் விட்டு வைத்தது காற்றை மட்டும்தான். அதுவும் பெருந்தன்மையால் அல்ல. காற்றிடம் நேரில் போய்க் காரணம் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுப்பட்டி விவசாயிகள் எரிந்துபோன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். கடை வாசலில் ஒரு பெஞ்ச் கிடக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகுமுன் நான் அதில் போய் உட்கார்ந்துவிடுவேன். எதைப் புறக்கணித்தாலும் முதலில் நேரில் போய் அறிவித்துவிட்டு வருவதால் அவருக்குத் தெரு வைத்த பெயர் நோட்டீஸ்.

டீக்கடையில் கண்ணாடி கிளாஸை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் வைத்த அன்று கடைக்காரர் முன்னால் போய் நின்றார்.

"நாளையிலிருந்து வரமாட்டேன். காரணம், பேப்பர்ல டீ குடிச்சா நாக்குல பசை ஒட்டுது. கிளாஸ் வந்தா நானும் வாரேன்."

"நல்லது அண்ணாச்சி, போயிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். அண்ணாச்சி நாலு மாதம் டீ இல்லாமல் தலைவலியோடு காயில் கட்டினார். கடைசியில் கடைக்காரர் மனம் பொறுக்காமல் அவருக்கென்று ஒரே ஒரு கிளாஸ் வாங்கி வைத்தார். நோட்டீஸ் அதை உலக வெற்றியாகக் கொண்டாடினார்.

நிறுத்தத்தில் நின்ற ஒரு கிழவியை ஏற்றாமல் போனதென்று ஒரு தனியார் பஸ்ஸைப் புறக்கணித்தார். முதலாளி வீடு தேடிப் போய்ச் சொன்ன பிறகுதான். அதன்பின் நாகலாபுரத்தில் வேலை என்றால் காலியாக வரும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததற்காகக் கரிசல் வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்பார். தங்கை மகன் கல்யாணத்தில் வரதட்சணை வாங்கியதற்காக மண்டப வாசல் வரை வந்து, காரணம் சொல்லி, மாப்பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, எதிர்க்கடையில் பரோட்டா தின்றார்.

"அவியளுக்கு இதுனால ஒரு நஷ்டமும் இல்லையே அண்ணாச்சி" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கா இல்லையாங்கிறது வேற, தம்பி. காரணத்த மூஞ்சிக்கு நேரா சொல்லணும். என்ன செஞ்சா திரும்பி வருவோம்னும் சொல்லணும். இது ரெண்டும் இல்லன்னா அதுக்குப் பேரு பாய்காட் இல்ல, வஞ்சம்."

நான் சிரித்தேன். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் தெருமுனையில் மரியபுஷ்பம் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை. ஒரே மகளை அந்தக் கடைதான் படிக்க வைத்தது. அந்த மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு விளாத்திகுளம் போனாள். அக்கா அழவுமில்லை, தலைமுழுகவுமில்லை. சனிக்கிழமை தோறும் மகளுக்குப் பலகாரம் கொண்டுபோனார். தெருவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் எதிலும் ஒத்துப்போகாத தெரு, இதில் மட்டும் ஒரே மனதாக இருந்தது. கூட்டம் போடவில்லை, யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஒருநாள் காலையிலிருந்து யாரும் அங்கே இட்லி வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

ஒரு காலை அக்கா என்னை நிறுத்திக் கேட்டார். "சார், இட்லி நல்லா இல்லையா?"

"இல்லக்கா, டாக்டர் கோதுமைதான் திங்கச் சொல்லியிருக்காரு."

அந்த மாதம் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு டாக்டர் கோதுமை எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா புளித்த மாவைத் தினமும் சாக்கடையில் ஊற்றினார்.

நோட்டீஸ் அண்ணாச்சி மூன்று வேளையும் அங்கே இட்லி தின்ன ஆரம்பித்தார். வயிறு உப்பிப்போய் ஓமத்தண்ணீர் குடித்தார், மறுபடி போய்த் தின்றார். மோட்டார் கொண்டுவரும் விவசாயிகளிடம், "மொதல்ல அங்கன போயி நாலு இட்லி தின்னுட்டு வாங்க, பொறவு காயிலப் பாப்போம்" என்றார். தெரு அவரையும் விலக்கியது. தெருக்காரர்களின் மோட்டார்கள் வேறு கடைக்குப் போயின. அவர் அதற்குக்கூட வருத்தப்படவில்லை. யாராவது வந்து காரணம் சொல்வார்கள் என்று இரண்டு நாள் வாசலில் எதிராளிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, இன்னையிலிருந்து உங்ககிட்ட பேச மாட்டேன். காரணம், நீங்க அவகிட்ட பொய் சொன்னீங்க. ஒரு நாள் அவகிட்ட இட்லி வாங்கித் திங்கணும். தின்னா பேசுவேன்."

போயிருக்கலாம். ஐம்பது அடி தூரம்தான். யார் பார்ப்பார்களோ என்று இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். மூன்று வாரத்தில் அக்கா கடையை மூடிவிட்டு மகளிடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் பெஞ்சில் போய் உட்கார்வேன். அவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டார். நான் ஓரத்தில் பாதி தொடையோடு தொங்கிவிட்டு எழுந்து வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார்.

"நாலு இட்லி குடுங்கக்கா."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "உங்களுக்கு இல்ல சார். இட்லி நல்லா இல்லையான்னு அன்னைக்கு வாய்விட்டுக் கேட்டேன். நெசத்தச் சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். மாவுலதான் குத்தம்னு ஒரு மாசம் அரிசிய மாத்தி மாத்திப் போட்டேன்."

"என்ன செஞ்சாக்கா குடுப்பீங்க?"

இட்லிப் பாத்திரத்தை மூடினார். "அது எனக்கே தெரியல சார்."

திரும்பியவனைக் கூப்பிட்டு நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "காயில் கட்டுற அண்ணாச்சிக்கு. அவிய கையில குடுத்திருங்க."

பசியோடு அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது எனக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி பெஞ்சில் இருந்தார். பொட்டலத்தைக் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அரிசியை மாற்றி மாற்றிப் போட்டதையும் சொன்னேன்.

அவர் நாலு இட்லியையும் தின்றார். எனக்கு ஒரு துண்டு தரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, பெஞ்சில் நடுவை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

பேசவில்லை. போன ஐப்பசியில் மாரடைப்பில் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இன்னும் அக்காவிடம் இட்லி வாங்கித் தின்னவில்லையே. ஆனால் அதுவரையிலான ஏழு மாதமும், பேசாத அந்த மனிதர் பக்கத்தில் முழுதாக ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தேன். அப்படி என்னை யாரும் அதற்குப் பிறகு உட்கார வைக்கவில்லை.