பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்

“...அப்ப பிள்ளையாரை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அவர் மழையிலை நனையட்டோ?” என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அந்த வீட்டு விறாந்தையில் ஏறினேன்.

அக்கா என்றால் பட்பட்டரின் மனைவி. பட்பட்டர் என்றால், மானிப்பாயிலும் அதற்கு அப்பாலுள்ள உலகத்திலும் ஒரு மோட்டார் சைக்கிளை அவரைவிட அதிகமாக நேசித்தவனும் பிறந்ததில்லை, அவரைவிடக் குறைவாக ஓட்டியவனும் பிறந்ததில்லை. வெயிலில் ரயர் உருகும் என்பார். பனியில் எஞ்சினுக்கு இருமல் வரும் என்பார். மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர். அந்த வண்டியும் கூடவே கப்பலில் வந்தது. அதன் சத்தத்துக்கு அடைகிடந்த கோழி முட்டையை விட்டு எழும்பும் என்று ஊர் சொல்லும். அவருடைய பெயரையும் ஊர்தான் வைத்தது. உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருசங்கள் அவை. நான் அடுத்த வளவில் குடியிருந்த வாத்தியார்.

வண்டியின் பின்னால் அவரே இலவம்பஞ்சு அடைத்து ஓர் இருக்கை தைத்திருந்தார். சாவகச்சேரியில் அக்காவின் தமக்கை இருந்தார். அக்காவை அந்த இருக்கையில் இருத்தி ஒருமுறை அங்கே கூட்டிப்போகவேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது. ஐந்து வருசமாகக் கேட்டார். ஐந்து வருசமும் ஒரே பதில்: “சனம் பார்த்தால் என்ன சொல்லும்? கிழவி குதிரை ஏறுறாள் எண்டு சொல்லும்.” இலவம்பஞ்சு நசியாமலே கிடந்தது.

மாரி வருகிறதென்றால் பட்பட்டர் பெற்றோலை வடித்து, இலுப்பெண்ணெய் பூசி, ஓலைப்பாயால் சுற்றி, வண்டியைப் புகையிலைக் குடிலுக்குள் ஏற்றிவிடுவார். அந்த வருசம் குடில் வேய முந்தியே மழை முந்திக்கொண்டது. வீட்டில் ஒழுகாத அறை ஒன்றுதான், அது சாமியறை. அதற்குத்தான் அந்தச் சண்டை.

அக்கா மசியவில்லை. ஆனால் அடுத்த கிழமை சரசுவதி பூசை வந்தது.

“கத்தி வைக்கிறம், மண்வெட்டி வைக்கிறம். இது மட்டும் என்ன பாவம் செய்தது?” என்றார் பட்பட்டர்.

நானும் அவருமாய் உருட்டி உள்ளே விட்டோம். சந்தனம், குங்குமம், முன்விளக்குக்கு ஒரு செவ்வரத்தம்பூ. விசயதசமி காலை, சுபநேரத்தில் எல்லாரும் வைத்த ஆயுதங்களை எடுத்தார்கள். பட்பட்டர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சுபநேரம் கழிந்து, கிணறும் இறைத்துக் கழியும் வரைக்கும் குளித்தார். பிறகு பஞ்சாங்கத்தோடு வந்தார்.

“நேரம் தவறிப்போச்சு. பூசைக்கு வைச்சதை நாள் பாராமல் எடுக்கப்படாது. இனித் தையிலைதான் நாள்.”

“ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு நல்ல நாள் இல்லையோ?”

“மோட்டார் சைக்கிளுக்கு இல்லை.”

கார்த்திகையில் வீட்டுக்கு வரும் ஒழுங்கை வாய்க்காலாயிற்று. பின்னேரங்களில் பட்பட்டர் தோய்ந்து, திருநீறு பூசி, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, தூசிக் கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு, நிறுத்தியபடி நின்ற வண்டியில் ஏறிக் கண்ணை மூடுவார். “நல்லூர் தாண்டுறன்” என்பார். வளைவுகளில் உடம்பு சரியும். “நாவற்குழியிலை காத்துப் பலம்” என்று கைபிடியை இறுக்குவார். ஊதுபத்திப் புகை அவரைச் சுற்றி வயல்வெளிப் பனிபோல மிதக்கும். ஒருநாள் இறங்கி வந்து, “தம்பி, கைதடியிலை மழை விட்டிட்டுது” என்றார். நான் குடையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தெப்பமாய் நனைந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

“கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் உவர்தான் நிக்கிறார், பிள்ளையாரைக் காணேல்லை” என்று அக்கா வண்டியைக் காட்டி என்னிடம் முறையிட்டார். ஆனால் பூ வைக்கும்போது முன்விளக்குக்கும் ஒன்று வைக்கத் தொடங்கியிருந்தார். நான் கண்டும் காணாததுபோல இருந்தேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம். இரவல் வாங்கிய பஞ்சாங்கத்தைக் கொடுக்கப் போய்ச் சாமியறை வாசலில் நின்றேன். பட்பட்டர் ஏறிவிட்டார். அக்கா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டார்: “எங்கை போறியள்?”

“சாவகச்சேரிக்கு. உம்மடை அக்காவைப் பார்த்திட்டு வாறன்.”

“வெறுங்கையோடையோ?”

அக்கா குசினிக்குப் போய் ஓர் ஓலைப்பெட்டியோடு திரும்பினார். “பனம்பழப் பினாட்டு. அவவுக்கு நல்ல விருப்பம்.” பிறகு பெட்டியையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்கள் ரெண்டு கையாலும் ஓட்டுறியள். இந்தப் பெட்டியை ஆர் பிடிக்கிறது?”

பட்பட்டர் கண்ணைத் திறக்கவில்லை.

அக்கா வாசலைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஊர்ச் சனம் என்று இருந்தது நான் ஒருவன்தான்.

“வழியை விடும், தம்பி.”

நான் விலகி நின்றேன். அக்கா பெட்டியை அணைத்துக்கொண்டு இலவம்பஞ்சின்மேல் ஏறி இருந்தார். வழியில் நாவற்குழியில் மழை பெய்யும் என்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.