ஆராய்ச்சிக்கு உதவப் போன காளான் சார்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடம் காளானையே ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். காளான் சார் என்போம். ஒரு கண்ணாடித் தட்டு வாங்க ஏழு கையெழுத்து கேட்டதில் மனம் நொந்து, ஆய்வு உதவிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

"மைக்ரோஸ்கோப்பை விட்டுட்டு நாற்காலிக்குப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"உள்ளே போனாத்தான் இந்தப் படிவங்களை ஒழிச்சுக்கட்ட முடியும்."

நல்ல மனிதர். முதல் நாளே காரியத்தில் இறங்கினார். எந்தப் படிவம் வேண்டாம் என்று விஞ்ஞானிகளிடம் கேட்க வேண்டுமல்லவா? அதற்கு ஒரு படிவம் அச்சடித்தார். பாதிப் பேர் நிரப்பவில்லை. ஏன் நிரப்பவில்லை என்று விளக்கம் கேட்க இன்னொன்று தேவைப்பட்டது.

மூன்றாம் மாதம், பாசியை ஆராய்கிற பாசி அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு! சாயங்காலத்துக்குள்ள வேற கிடைக்கலைன்னா நாலு வருஷப் பாசி அத்தனையும் செத்துடும்!"

காளான் சாருக்கு நெஞ்சு பதறியது. உண்மையாகவே பதறியது. அவசரப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல 'இழப்பு விவரம்'னு கேட்டிருக்கே. இன்னும் எதுவும் சாகலையே?"

"அதாம்மா சிக்கல். செத்தப்புறம் நிரப்பினா அன்னிக்கே அனுமதி. உங்களுக்காகத்தான் இந்த விதியைக் கொண்டுவந்தேன்."

பாசி செத்தது. அனுமதி அன்றே கிடைத்தது. காலியான புது ஃப்ரிட்ஜை இரண்டு நாள் வெறித்துப் பார்த்த பாசி அம்மா, இனி யாருக்கும் இப்படி நேரக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு தாமும் உதவிப் பிரிவில் சேர்ந்தார். நோக்கம் எல்லோருக்கும் தொற்றியது. வருடக் கடைசியில் நிலையத்தின் விஞ்ஞானிகள் நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் உதவிப் பிரிவில் உட்கார்ந்து ஆராய்ச்சிக்கு உதவிக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் காளான் சாருக்குக் கை துறுதுறுத்தது. பத்து நிமிடம் மைக்ரோஸ்கோப் வேண்டுமென்று விண்ணப்பம் போட்டார். அது அவர் மேஜைக்கே வந்தது. படித்தார். பெருமூச்சு விட்டார். 'விண்ணப்பதாரர் ஆராய்ச்சியாளர் அல்லர்' என்று எழுதி நிராகரித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று மட்டும் வீட்டில் சொன்னார். "யாருங்க அந்தக் கல்நெஞ்சக்காரன்?" என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்லாதே. விதிப்படி நடக்கிற மனுஷன்" என்றவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்.

மறுவாரம் தணிக்கைக் குழு வந்தது. ஒரு கருவியும் உடையவில்லை, ஒரு பரிசோதனையும் தோற்கவில்லை, ஒரு படிவமும் நிலுவையில் இல்லை. நாட்டிலேயே தலைசிறந்த ஆராய்ச்சி நிலையம் இதுதான் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள்.

காளான் சார் எழுந்தார். "ஐயா, இங்க ஆராய்ச்சியே..."

மேற்கொண்டு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவ்வளவு பலமாகக் கைதட்டினோம். நான் சற்றுக் கூடுதலாகவே.