லவினியாவுக்கு வாங்கிய ரம்ளர்

ஹம், ஜெர்மனி
யூலை 4

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய றீற்றா அக்காவுக்கு,

தம்பி எமில் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மச்சாள் அன்ரனிற்றாவும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் இதில் சேராது. உங்களுடைய பிறசரும் சீனியும் சொல்வழி கேட்டு நடக்க மாதாவை மன்றாடுகிறோம்.

அக்கா, நான் வீட்டில் துவக்கு ரவை செய்கிறேன் என்று உங்கள் பக்கத்து வளவுக் கலாதேவி உங்களுக்கு ரெலிபோனில் சொன்னதாகவும், நீங்கள் அழுது எனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்ததாகவும் அறிந்தேன். பூசைக்கு நன்றி. ஆனால் நான் ரவை செய்யவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு துவக்குச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து ஓடி வந்தவன், பென்சன் எடுத்த பிறகு அதைத் தொடங்குவேனா? நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

மகள் லவினியாவும் நானும் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டபோதெல்லாம் நான் சரியான பதில் சொன்னதில்லை. அவள் எர்லாங்கனில் வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அங்கே துவக்குச் சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். இந்த நாட்டில் அது பந்தடிப்பது போல ஒரு விளையாட்டு. பரீட்சை எழுதி, பொலிஸ் விசாரித்து, இவள் நம்பத்தகுந்த ஆள் என்று அரசாங்கம் கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்கள் பரம்பரையிலேயே அப்படி ஒரு கடதாசி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். ஈஸ்ரருக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். பதக்கத்தை அவள் பக்கம் திருப்பித் தள்ளினேன் அக்கா. "இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் நாடு விட்டு வந்தனான். நீ காசு குடுத்துப் போய்க் கேக்கிறியோ?" என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "அப்பா, நீங்கள் பயந்தது ஆக்களைச் சுட்ட துவக்குக்கு. நான் சுடுறது கடதாசியை" என்றாள். "அப்ப அந்தக் கடதாசியோடையே போய் இரு" என்றேன். சின்ன வயதில் ஒரு சொல் கேட்காத பிள்ளை, அன்றைக்குப் பார்த்து அப்பன் சொல்லைத் தட்டாமல் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரனிற்றா குசினியில் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பாள். நான் இந்தப் பக்கம் பேப்பரோடு இருப்பேன். வேலை, மழை, யாருக்கோ கலியாணம் எல்லாம் போய், ரெலிபோனை வைக்கிறதுக்கு முன்னால் லவினியா ஒரு கேள்வி கேட்பாள். "அப்பா சாப்பிட்டவரோ?" ஓம் என்று அன்ரனிற்றா சொல்வாள். ஒரு சுவர்தான் அக்கா இடையில். மூன்று வருடமாக நான் சாப்பிட்டதை நானே சொல்ல முடியாமல் இருந்தேன்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிறு, தண்ணீர்ப் பைப் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது: பிள்ளைக்கு ரம்ளர் வேண்டுமாம், பித்தளை என்றும் ஏதோ. அதனால்தான் உங்களுக்கு எழுதிப் பித்தளை ரம்ளர் கேட்டேன். நீங்களும் மினுக்கி அனுப்பினீர்கள். அன்ரனிற்றாவின் பெயரில் எர்லாங்கனுக்குப் போனது. அடுத்த ஞாயிறு ஸ்பீக்கரில் ஒரே சிரிப்பு. "அம்மா, இது குடிக்கிறதுக்கு. நான் கேட்டது கோது கழுவுற மெஷின்." சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கோதைக் கழுவித் துப்புரவாக்கினால் திரும்ப வெடிமருந்து போட்டுப் பாவிக்கலாமாம். கழுவுகிற மெஷினுக்கும் இங்கே ரம்ளர் என்றுதான் பெயராம். இவள் வேலையால் வந்து பல் தீட்டும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக உரஞ்சுகிறாளாம், எந்த மெஷின் நல்லது என்று பார்க்க நேரமில்லையாம். உங்கள் ரம்ளர் வீணாகிவிட்டதே என்று கவலைப்படாதேயுங்கோ. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு மூன்று வருடமாகியிருந்தது.

பார்க்க நேரமில்லை என்றாள். எனக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? டோட்முண்டில் துவக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறதென்று அறிந்து போனேன். கண்ணாடிக்குள் வரிசையாகத் துவக்குகள். மூன்று தரம் கடையைக் கடந்து நடந்தேன். நாலாம் தரம் பஸ் நிறுத்தத்தில் இருந்து ஒரு செபமாலை சொல்லி முடித்து உள்ளே போனேன். கடைக்காரி ஐம்பது வயதுப் பொம்பிளை, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ரம்ளர் என்றேன். எந்த அளவு என்று கேட்டாள். மகளுக்கு இருபத்தொன்பது வயது என்று சொன்னேன். அவள் கேட்டது ரவையின் அளவை. அவள் சிரிக்கவில்லை அக்கா, பேனையை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டாள்.

மூன்று விதம் காட்டினாள். முதலாவது அதிர்கிற சட்டி. வால்நட் கோதை நொறுக்கிப் போட்டு அதற்குள் பித்தளையைக் குலுக்குவது. நல்லாய் மினுங்குமாம், ஆனால் தூசி கிளம்பும், அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாதாம். லவினியாவுக்குச் சின்னனில் மூச்சு முட்டுகிற வருத்தம் இருந்ததென்று சொல்லி அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது சத்த அலையால் கழுவுகிற தொட்டி. உள்ளே எல்லாம் துப்புரவாகும், வெளியே மினுக்கம் வராது. அவளுக்கு மினுக்கம் வேண்டும். கோவிலில் முதல் நன்மை எடுத்த அன்று சப்பாத்தை நான்கு தரம் துடைப்பித்தவள். மூன்றாவது உருளுகிற பீப்பா. தண்ணீர், சவர்க்காரத் துளி, தலைமயிர் போல மெல்லிய இரும்புக் கம்பித் துண்டுகள் ஆயிரக்கணக்கில். எங்கள் தோசை கிரைண்டரைச் சரித்து வைத்தது மாதிரி. தூசி இல்லை, மினுக்கமும் உண்டு. ஆனால் பிறகு கம்பிகளைக் காந்தத்தால் பிரித்தெடுத்துக் கோதைக் காய வைக்க வேண்டும், மகளுக்குப் பொறுமை இருக்கிறதோ என்று கேட்டாள். மூன்று வருடம் தகப்பனோடு கதைக்காமல் இருக்கிறாள் என்று சொன்னேன். இதுதான் பொருந்தும் என்று அவள் பீப்பாவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு பை நிறையப் பழைய கோதும் சும்மா தந்தாள்.

வீட்டில் அந்தக் கோதுகளை மேசையில் கொட்டிவிட்டு அரை மணித்தியாலம் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றை எடுத்தேன். பாரமே இல்லை. வெறும் கோது. இவ்வளவுதானா என்று இருந்தது.

பழுதான சாமான் அனுப்பினேன் என்ற பேர் வரக்கூடாதென்று நிலக்கீழ் அறையில் ஓட்டிப் பார்த்தோம். சவர்க்காரத்தால் பித்தளை வெளுக்காது, புளிதான் போட வேண்டும் என்று அன்ரனிற்றா ஒற்றைக்காலில் நின்றாள், அதுவும் நோகிற இடது காலில். ஒரு தேசிக்காயளவு பழப்புளி போட்டாள். இரண்டு மணித்தியாலத்தில் மூடிக்குக் கீழால் மண்ணிற நுரை கிளம்பிப் படி வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை நாங்கள் மறந்துபோனோம். இங்கே ஞாயிறு சத்தம் போடக் கூடாது. கீழ்வீட்டு வென்ட் ஐயா கடுகடுத்த முகத்தோடு வந்தவர் நுரையைப் பார்த்துவிட்டு அவரே வாளி எடுத்துவந்து உதவினார். கம்பிகளில் சுற்றிய புளித்தும்பை நாங்கள் மூன்று பேரும் பின்னேரம் வரை இருந்து நுள்ளினோம். ஆனால் சொல்ல வேண்டும், பித்தளை பொன் மாதிரி வந்தது. அன்ரனிற்றா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கழுவியதைப் பல்கனியில் துணி விரித்து வெயிலில் காயப் போட்டோம். அன்றைக்குப் பார்த்துத்தான் கலாதேவி, இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு வந்தவர், எங்களையும் எட்டிப் பார்ப்போம் என்று வந்தார். மோர்மிளகாய் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தார். இதென்ன என்று கேட்டார். நான் தடுமாறி, மகளுக்குக் குடுத்தனுப்ப என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணியைக் கூடக் குடித்து முடிக்காமல் போனார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

மெஷினை முந்தநாள் அனுப்பியாயிற்று. அனுப்பியவர் பெயர் அன்ரனிற்றா. பாவிக்கும் முறையை மட்டும் நான் தமிழில் நான்கு பக்கம் எழுதி வைத்தேன், அவளுடைய எழுத்து விளங்காது என்பதால். இதோடு என் கடமை முடிந்தது அக்கா. துவக்கு வைத்திருக்கும் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன் என்று மூன்று வருடத்துக்கு முன் சொன்னது சொன்னதுதான். எமில் சொல் மாறினான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

மாதாவின் நிழல் உங்கள் வீட்டின் மேல் இருக்கட்டும். பிறசர்க் குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ. கலாதேவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ, வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு, சொல் மாறாத தம்பி,
எமில்

பி.கு.: முத்திரை ஒட்ட மறந்து இந்தக் கடிதம் மூன்று நாள் மேசையில் கிடந்துவிட்டது. நேற்று லவினியா ரெலிபோன் எடுத்தாள், தாய்க்கு அல்ல, எனக்கு. "அப்பா, உங்கட எழுத்தை வாசிச்சு முடிக்க ரெண்டு நாள் போச்சுது" என்றாள். பிறகு, தான் போன மாதமே மெஷின் ஒன்று வாங்கிவிட்டதாகவும் இது தேவையில்லை என்றும் சொன்னாள். எனக்கு மனம் விழுந்துபோயிற்று. அப்படியென்றால் திருப்பி அனுப்பு என்றேன். "சரியான பாரம், என்னாலை தூக்க ஏலாது. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ" என்றாள். ஐந்து கிலோ துவக்கை அசையாமல் பிடித்துப் பதக்கம் வாங்குகிறவள். நான் அன்ரனிற்றாவிடம் போய், பிள்ளை ஏற்கெனவே வாங்கிவிட்டதாமே, நீ ஏன் சொல்லவில்லை என்று கோபித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவளிட்டை மெஷின் ஒண்டும் இல்லை" என்றாள்.

ஆகவே மேலே கடைசியில், படியை மிதிக்க மாட்டேன் என்று எழுதிய வரிகளை நீங்கள் பேனையால் அடித்துவிடுங்கோ. சனிக்கிழமை காலை எர்லாங்கனுக்கு ரெயில். மெஷினைத் திருப்பிக் கொண்டுவரப் பெட்டியோ பையோ எடுக்கவில்லையா என்று அன்ரனிற்றா கேட்டாள். நான் எடுக்கவில்லை.