போச்சு அண்ணனும் உச்சிவெயிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் அவரைவிட நம்பிக்கையற்ற மனிதர் பிறந்ததில்லை. வாயைத் திறந்தால் முதல் சொல் 'போச்சு'. மழை பெய்தால் திராட்சை போச்சு. பெய்யாவிட்டால் ஊரே போச்சு. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் குடியிருந்தார். நாற்றங்கால்களுக்குப் பச்சை நிழல்வலை விற்பது தொழில். தெருவே அவரைப் போச்சு அண்ணன் என்றது. உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். வெயில் காட்டினால் எலும்பு உறுதிப்படும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எண்ணெய் தேய்த்து முற்றத்தில் கிடத்திவிட்டு, போன் பேச்சில் நேரத்தை மறந்துவிட்டேன். மாடியிலிருந்து அலறல்.

"போச்சு! ஏலே, பிள்ளைய என்ன, வத்தலாவா காயப் போட்டுருக்க?"

ஓடிப்போய்த் தூக்கினேன். கன்னமும் நெற்றியும் சிவந்து கன்றியிருந்தன. என் கையாலேயே சுட்டுவிட்டேனே என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. டாக்டர் கடிந்துகொண்டார்: "ஆறு மாசம் வரைக்கும் நேர் வெயிலே ஆகாது. கிரீமும் வேணாம். நிழலு, மெல்லிசான பருத்தித் துணி. அம்புட்டுத்தான்."

நிழல் என்ற சொல் போச்சு அண்ணன் காதில் விழுந்ததுதான் தாமதம், மறுநாள் எங்கள் வீடே பச்சை வலைக்குள் இருந்தது. துவைத்த துணி காயவில்லை. தபால்காரர் வாசலைத் தேடினார்.

"பிள்ளையா பெத்தேன், கிளியாண்ணே பெத்தேன்?" என்று அழுதாள் என் மனைவி.

"செவந்து கெடக்குறதுக்குப் பச்சை தேவல ஆத்தா" என்றார்.

தேனியில் டாக்டரை மறுபடி பார்க்கப் போனபோது கூடவே பஸ்ஸில் வந்தார். சாலை வளைந்து வெயில் பக்கம் மாறும்போதெல்லாம் எங்களை எழுப்பி எதிர் சீட்டுக்கு மாற்றினார். நான்காவது வளைவில் கண்டக்டர் கும்பிட்டார்: "அண்ணே, வண்டியவும் நீங்களே ஓட்டிருங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் புகை கிளம்பியது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். உச்சிப்பொழுது. சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டியிருந்தார்கள். கண்ணுக்கெட்டியவரை ஒரு புளியமரம்கூட இல்லை. கொண்டுபோன குடையை விரித்த கணமே காற்று முறித்துப் போட்டது. மனைவி முந்தானையால் மூடினாள். பிள்ளை மூச்சுமுட்டி வீறிட்டாள்.

போச்சு அண்ணன் வேட்டியை உருவினார். பட்டாபட்டி டவுசரோடு சாலையோரம் நின்று, ஒரு முனையை என்னிடம் தந்து மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார். காற்று நுழையும் உயரத்தில் ஒரு பந்தல். பக்கவாட்டில் வெயில் வந்த இடத்தைச் சட்டையைக் கழற்றி மறைத்தார். பயணிகள் சிரித்தார்கள்.

"மானம் போச்சு. போகட்டும். பிள்ள தூங்குதா பாரு."

தூங்கினாள். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரமானது. அதன்பின் மூன்று நாள், முதுகெல்லாம் கொப்புளத்தோடு அவர் குப்புறக் கிடந்தார். என் மனைவி சோற்றுக்கற்றாழை தடவிவிட்டாள்.

அந்த முதுகில் கருப்பு இன்னும் திட்டுத்திட்டாக இருக்கிறது. நடக்கத் தொடங்கிவிட்ட என் மகளுக்கு, அதன்மேல் கன்னம் வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது.