காசியில் கைவிட்ட நண்டு

உ

செங்கலடி,
ஆவணி 14.

வவுணதீவுப் பிள்ளையார் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பெருமதிப்பிற்குரிய மச்சான் பூபாலப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் தங்கை சீதேவிப்பிள்ளையின் கணவனும் ஓய்வுபெற்ற உபதபாலதிபருமாகிய நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அதாவது, உங்கள் தங்கை நலம். நான் உயிரோடு இருக்கிறேன். கேதீஸ்வரி மச்சாளும் பிள்ளைகளும் வட்டையில் விளைந்த நெல்லும் எருமைகளும் குறைவின்றி இருக்க நீங்கள் பார்த்துவரும் பிள்ளையாரே துணை நிற்பாராக.

காசியிலிருந்து திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது. "பென்சனை எடுத்திட்டுச் சும்மா குந்தியிருக்காம ரெண்டு பேரும் ஒருக்காக் காசிக்குப் போயிட்டு வாங்க, பாவமெல்லாம் கழுவுப்படும்" என்று சொன்னது நீங்கள்தான். முத்திரை குத்தியே வயது போனவனிடம் கழுவுகிறதுக்கு என்ன பாவம் இருந்தது? ஆகவே, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் உங்களுக்குத்தான். வழக்கு இதுதான்: நான் இனி நண்டு சாப்பிடலாமா, கூடாதா?

யாத்திரை என்றுதான் கூட்டிப்போனார்கள். விசுவநாதரை நாலு செக்கன் கண்டோம். சீலைக்கடையில் நாலு மணித்தியாலம் இருந்தோம். சாமிக்கு முன்னால் "நட நட" என்று பிடரியில் தள்ளினார்கள், கடைக்காரனோ மெத்தை போட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தான். நம்மட குழுவில் இருபத்தாறு பேர். கங்கைத் தண்ணிச் செம்பு வாங்கினார்கள், உருத்திராட்சம் வாங்கினார்கள், கறுத்தக் கயிறு வாங்கினார்கள், செங்கலடிச் சந்தையில் கிடைக்கிற அதே பிளாஸ்திக் வளையலையும் வாங்கி "காசிச் சாமான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் கடதாசியும் அழும். காலையில் பூரியும் உருளைக்கிழங்கும், மத்தியானம் உருளைக்கிழங்கும் பூரியும். அஞ்சாம் நாள் எனக்குக் கிழங்கைக் கண்டாலே காய்ச்சல் வாற மாதிரி இருந்தது. கூட்டிப்போன சதீசன் அதைப் பார்த்து இரங்கி, "அங்கிள், நாளைக்கு உங்களுக்கு விருப்பமானதாச் சமைக்கச் சொல்லுறன்" என்றான். இந்த வாக்கை மனதில் வையுங்கள் மச்சான். வழக்கே அதில்தான் தொங்குகிறது.

அடுத்த நாள் விடியக் கங்கைக் கரையில் எங்களை வரிசையாக இருத்தினார்கள், பெண்டுகள் முன்னுக்கு, ஆம்பிளைகள் பின்னுக்கு. வெறும் வயிறு. ஐயரொருவர் அரைத் தமிழில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார், "விருப்பமான சாப்பாடு என்ன?" எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சதீசன் சொன்ன சொல் தவறாத பிள்ளை என்று நினைத்து, "நண்டு!" என்றேன். ஐயர் ஏற்கனவே கேள்விப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். அந்தத் துணிவில், "றால்! எருமைத் தயிர்!" என்றும் சேர்த்தேன். கையில் தண்ணியை வார்த்தார், மந்திரம் சொன்னார். மந்திரத்துக்கு நடுவில் "நண்டு, றால், தயிர்" என்று அவர் இராகத்தோடு இழுத்தபோது, இவ்வளவு பக்தியாகச் சமையலுக்குச் சொல்லி அனுப்புகிற ஊரும் இருக்கிறதே என்று கண் கலங்கினேன். மத்தியானம் பூரியும் கிழங்கும் வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. காசிக்குப் போனால் விருப்பமான சாப்பாட்டை விட்டுவிட வேண்டுமாம், சாகும்வரை தொடக்கூடாதாம். அதை முதல் நாள் பஸ்ஸில் சொன்னார்களாம். நான் நித்திரையாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பது இதுதான்.

மற்றவர்கள் எதை விட்டார்கள் தெரியுமா? ஒருவர் பாகற்காயை விட்டார். சீனி வருத்தக்காரர் தொதல் இனிப்பை விட்டார். வாயில் ஒரு பல்லும் இல்லாத மனுசன் முறுக்கை விட்டிருக்கிறார்! கடவுளையே பேய்க்காட்டுகிற கூட்டம். உண்மை பேசி மாட்டுப்பட்டது நான் ஒருவன்தான். உங்கள் தங்கையும் பாகற்காயைத்தான் விட்டிருப்பாள், கேட்டால் அடுப்பைப் பார்க்க எழும்பிப் போய்விடுகிறாள். போன ஞாயிறு நீங்கள் அனுப்பின நண்டை, கயிறுகூட அவிழ்க்காமல் பக்கத்து வீட்டு மஜீட் பெண்சாதி றம்லாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, "கங்கையில சொன்ன சொல்லு" என்கிறாள். அவளுக்கென்ன மச்சான், நண்டென்றால் காலை மட்டும் நொறுக்கிக்கொண்டு இருக்கிறவள்! மஜீட் வேற, அந்த நண்டுக் கறியைத் திண்ட வாயோட வந்து, "நாங்க மக்கத்துக்குப் போனா பேரீச்சம்பழம் கொண்டு வாறம். நீ என்னெண்டா வாய்க்கு ருசியா இருந்ததையெல்லாம் அங்க குடுத்திட்டு வந்திருக்காய்" எண்டு சிரிக்கிறான்.

எனது வாதம் இது. ஒன்று, நான் சொன்னது விரதமில்லை, பசி. அடுத்தது, அந்த ஐயர் நண்டை ஒரு காய் என்று நினைத்திருந்தாராம். சதீசனே பிறகு சொன்னான். காயென்று நினைத்து வாங்கின சத்தியம் கடிக்கிற நண்டுக்கு எப்பிடிச் செல்லும்? மூண்டாவது, கங்கை எங்க கிடக்கு, நம்மட வாவி எங்க கிடக்கு? வாவி நண்டுக்கு அவருக்கு என்ன அதிகாரம்? கோயில் வழக்கெல்லாம் தீர்க்கிற நீங்க, "செல்லாது" எண்டு ஒரு சொல்லு எழுதித் தந்தால் போதும், அடுப்படியில ஒட்டிவிடுறன். மஜீட் நாளைக்கு நெல்லுப் பார்க்க அங்க வாறான், இந்தக் கடிதத்தைத் தருவான். தீர்ப்பையும் நண்டையும் அவனிட்டயே குடுத்துவிடுங்க.

உங்கள் வாசலில் விளக்கும் வயலில் கதிரும் என்றும் குறையாதிருக்க வேண்டும் அன்பு மச்சான்,
நல்லரத்தினம்.

பி.கு.: உறையை ஒட்டப் போக, எங்களோடு காசிக்கு வந்த தக்ஷாயினி ரீச்சர் படங்கள் காட்ட வந்தா. "அங்கிள், உங்களுக்கு முதலே அன்ரியும் நண்டெண்டுதானே சொன்னவ! அது என்னெண்டு ஐயர் கேட்க, எங்கட ஊர்க் காய் எண்டு சதீசன்தான் சமாளிச்சவர்" எண்டு சொல்லிச் சிரிச்சா. உங்கட தங்கச்சியைக் கேட்டன். "விருப்பமானதைத்தானே விடச் சொன்னாங்க" எண்டுபோட்டு முருங்கையிலை ஆயுறாள். முப்பத்திமூண்டு வருஷமாக் கொழுத்த நண்டெல்லாத்தையும் என்ட பீங்கானில வைச்சிட்டுக் காலைக் கடிச்சவளுக்கு நண்டு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது மச்சான். வெக்கமாக் கிடக்கு. தீர்ப்பு வேணாம், நண்டும் வேணாம். ஆடை கட்டின தயிர் ஒரு சட்டி மட்டும் குடுத்துவிடுங்க. அவள் தயிரை விடேல்ல. அவள் சாப்பிடட்டும், நான் பக்கத்தில இருந்து பார்க்கிறன்.