தவிட்டு வேந்தர் தாழ்ப்பாளிட்ட காதை

வாழ்க, வாழ்க! பிஸ்கட் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தின் வெள்ளை அங்கிச் செம்மலும், மாவு ஆலைகள் சலித்து ஒதுக்கிய கோதுமைத் தவிட்டை அரியணை ஏற்றிய அண்ணலும், தானிய நார் சர்க்கரையின் வேகம் தணிக்கும், கொழுப்பின் கொட்டம் அடக்கும், குடலைக் கூட்டிப் பெருக்கும் என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரையும் விடாது பிடித்து முழங்கும் நாவலருமாகிய நம் தவிட்டு வேந்தர் வாழ்க!

தம் தவிட்டு பிஸ்கட்டை ஐந்து நாள் தாமே தின்று, "வயிறு இலகுவாயிற்று" என்று படிவத்தில் அன்னார் கையொப்பமிட்டால் அது கடைக்குப் போகும். இல்லையேல் மூன்றாண்டு உழைப்பும் கோழித் தீவனம். கையொப்ப நாளும் புலர்ந்தது. ஐந்து நாளாக வயிறு அசையவே இல்லை.

ஆதலின் வேந்தர் கழிவறைக் கோட்டை புகுந்து, தாழ்ப்பாளிட்டு, பீங்கான் ஆசனத்தமர்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, பல்லைக் கடித்து, புருவம் வில்லென வளைய, வியர்வை அருவியெனச் சொரிய, கொடும்போர் தொடுத்தார். அடிவயிற்றில் முரசு முழங்கிற்று. முரசு மட்டுமே முழங்கிற்று, படை நகரவில்லை.

வாயிலில் பள்ளிப்பையோடு முற்றுகையிட்ட மகள் அறைகூவினாள்: "அப்பா! ஊர் வயித்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், எனக்கு பஸ் போயிடும்!"

அவள் பின்னே துணைவியார்: "ஏங்க, ஃபேக்டரில தண்ணியாவது ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

"குடிக்காம? ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு தம்ளர்..." என்று உள்ளிருந்து கர்ச்சித்த சிங்கம், பாதியில் நெற்றியில் அறைந்துகொண்டது.

அந்தோ! ஒரு வாய் தின்றதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்ததைத் தொடுவதன்றோ சுவை பார்ப்போர் குலவிதி! ஐந்து நாளும் அத்தனை தண்ணீரையும் வாய்வரை வரவேற்று, வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார் மகானுபாவர். நாளெல்லாம் தண்ணீரோடுதானே கிடக்கிறோம் என்று வீட்டில் சொம்பைத் தொடவும் இல்லை. நீரை உறிஞ்சி, மெத்தென ஊறி, வழிநடத்த வேண்டிய நார்ச்சேனை, வறண்ட குடலில் மதிலெழுப்பி நின்றது. இதைப் பிறர்க்கு விளக்கப் படம் வரைந்தவரும் இவரே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தாழ்ப்பாள் திறந்தது. வென்றவருமல்லர், வீழ்ந்தவருமல்லர், கால் மரத்துப்போனவராய் வெளிப்போந்த வேந்தர், மகளுக்கு வழிவிட்டு, மூன்று தம்ளர் நீரை மூச்சுவிடாது பருகி, கையொப்பமிடாத படிவத்தை மடித்து வைத்து, செல்பேசியை எடுத்தார்.

மேலாளரிடம், வயிறு சரியில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார்.