தொடர் நாடகத்தில் இறந்தவருக்கு எங்கள் வீட்டில் துடக்கு

2022ஆம் ஆண்டு ஜூன் 18, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நான் ஒரு மனிதரைக் காலமாக்கினேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. அந்தச் செய்தியின் அடியில் கைப்பேசி அதைப் பதிந்து வைத்திருக்கிறது.

அப்போது நான் இலக்கிய மாணவி. இளங்கலை இறுதி ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாட்கள் இருந்தன. என் ஆய்வுப் பொருள், நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும், இளவயதினருக்கான ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர். (வீட்டில் "ஆங்கிலக் கதை மரபு" என்று சொல்லியிருந்தேன். அது பொய்யல்ல; வடிகட்டிய உண்மை.) சில மாணவர்கள், ஒரு மதுச்சாலை, நான்கைந்து குடும்பங்கள்: அந்த ஊரே இவ்வளவுதான். தீயும் வெடிப்பும் கடத்தலும் கொலையும் நடந்த பிறகும், வாடகைக்கு வீடு கேட்டு அங்கே புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முடிவே இல்லாத ஒரு கதை தன் மனிதர்களை எப்படிச் சாகடிக்கிறது, மிஞ்சியவர்கள் எத்தனை நாளில் அவர்களை மறக்கிறார்கள் என்பதை அறிய எனக்கு அடங்காத ஆவல்.

இந்த நோயை எனக்குத் தொற்ற வைத்தவள் லண்டனில் இருக்கும் மச்சாள் தர்சினி. பதினான்கு வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் தொடரின் மனிதர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தோம். மதுச்சாலை முதலாளி, செல்லத்துரை ஜெகநாதன் ஆனார். எங்கள் குடும்பத்தின் ஊர் கரவெட்டி என்பதால் அவரும் கரவெட்டிக்காரர் ஆனார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். மறுநாள் காலை, பெரியப்பாவின் மகன் கஜன் அண்ணாவுக்குப் பொன்னுருக்கு. அதாவது தாலிக்கான பொன்னை உருக்கும் சடங்கு. அதற்கடுத்த ஞாயிறு கல்யாணம். கீழே பெரியம்மாவும் அம்மாவும் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே நான், படிப்பதாகச் சொல்லிவிட்டு, ஜெகநாதன் இறக்கும் அத்தியாயத்தைப் பார்த்தேன். பார்த்து முடிந்ததும் தர்சினிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வெறுமனே "செத்துட்டார்" என்று எழுதுவது என் சுபாவத்துக்குப் பொருந்தவில்லை. எனவே முறைப்படி ஒரு மரண அறிவித்தல் எழுதினேன்:

"கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் இங்கிலாந்தை வதிவிடமாகவும் கொண்ட செல்லத்துரை ஜெகநாதன் அவர்கள் இன்று அகால மரணமடைந்தார். அன்னார் ராணி, வசந்தி, மீண்டும் ராணி, சுபாஷினி ஆகியோரின் அன்புக் கணவரும், ரமேஷின் பாசமிகு தந்தையும், அதே ரமேஷின் சகலனும் ஆவார்."

மரபு பிசகாத வாக்கியங்கள் என்று என்னையே மெச்சிக்கொண்டு அனுப்பினேன். எட்டு நிமிடம் கழித்துத் தர்சினியின் பதிலைத் தேடியபோதுதான், அது "கஜன் கல்யாணம்" என்ற வாட்ஸப் குழுவுக்குப் போயிருப்பதைக் கண்டேன். அதில் எண்பத்து நான்கு பேர்.

பதினொரு பேர் ஏற்கெனவே அனுதாபம் தெரிவித்திருந்தார்கள்.

உடனே அழித்திருக்கலாம். எந்த மனிதப் பிறவியும் அழித்திருக்கும். நான் அழிக்கப் போன கணத்தில் புரொண்பியில் இருக்கும் மாமா ஒருவர் "நல்ல மனுசன்" என்று எழுதினார். அடுத்து, கனடாவிலிருந்து ஒரு சித்தி: "போன மாசமும் கதைச்சனான். தடிமன் எண்டு சொன்னவர்." என் விரல் நின்றுவிட்டது. இல்லாத ஒரு மனிதர், என் கண்ணெதிரே, சளித் தடிமனோடு ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பெற்றுக்கொண்டிருந்தார். ஆய்வு மாணவிக்கு இப்படி ஒன்று வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். (ஓம், வெட்கமில்லாமல் குறிப்பு எடுத்தேன். கோடு போட்டு, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் ஆள்.) முதல் வரிக்கு அப்பால் ஒருவரும் படிக்கவில்லை என்பதும், எங்கிருந்தோ வந்த அறிவித்தலை நான் பகிர்ந்திருக்கிறேன் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும், அறிவித்தலை முழுதாகப் படிப்பது வேறு, கைகூப்பிய படம் அனுப்புவது வேறு என்பதும் அன்றைய என் முதன்மையான கண்டுபிடிப்புகள்.

ஐந்தரை மணியளவில் கீழே குசினியில் புகை இழுக்கும் விசிறி நின்றது. எண்ணெயின் சத்தமும் நின்றது. படிக்கட்டுக்கு வந்து காது கொடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஆர் இந்த ஜெகநாதன்?" என்று பெரியம்மா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதற்கு இறுதித் தீர்ப்புச் சொல்பவர் பெரியப்பா. "தெரியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"செல்லத்துரையற்றை மோன். என்னோட படிச்சவன். கணக்கில விண்ணன்."

"எங்களுக்குச் சொந்தமோ?"

"சொந்தமோவோ? செல்லத்துரை எங்கட அப்புவுக்குச் சித்தப்பாவின்ர மோன் எல்லோ."

பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "அப்ப எங்களுக்கு முப்பத்தொண்டும் துடக்கு."

தந்தைவழி உறவில் சாவு விழுந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அதற்குள் பொன்னும் உருக்க முடியாது, தாலியும் கட்ட முடியாது. துடக்குக் கழியும்போது ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே பதிந்தது. பெண் வீட்டார் ஒஸ்லோவிலிருந்து வருவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். பெரியப்பாவும் தன் வம்ச வரலாற்றுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டார்.

அப்போது கஜன் அண்ணா பந்தல் கட்டிக்கொண்டிருந்த கையோடு உள்ளே வந்தார். தாய் தகப்பன் தமிழில் எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்வது அவர் வழக்கம். அன்று விஷயத்தைக் கேட்டதும் தமிழில் பேசினார். அதுவே எல்லோரையும் பயமுறுத்தியது.

"ஆரெண்டே தெரியாத ஒரு ஆள் செத்ததுக்கு நான் என்னத்துக்குக் கலியாணம் கட்டாமல் இருக்கோணும்? மூண்டு வருசமாக் காத்திருக்கிறம்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பெரியப்பா ஐயருக்குத் தொலைபேசி எடுக்க எண்ணைத் தேடத் தொடங்கினார்.

என் நிலை இதுதான். நான் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். திறந்தால், எண்பத்து நான்கு பேர் முன்னிலையில் பெரியப்பா, இல்லாத ஒருவரோடு கணக்குப் படித்தவர் ஆகிவிடுவார். நான் பொதுவாக நாலு பேருக்கு நடுவில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள். படியில் நின்றபடி மனத்துக்குள் மூன்று வரைவுகள் தயாரித்தேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கி, "பெரியப்பா, ஒரு விசயம் கதைக்கோணும்" என்று அவரைக் கார்க் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். வரைவு மூன்றும் அங்கே மறந்துபோயின.

"பெரியப்பா, அந்த ஜெகநாதன் இல்லை."

"ஓமடி பிள்ளை. என்ன செய்யிறது. காலம்."

"இல்லை, முந்தியும் இல்லை. அது இங்கிலிஸ் நாடகத்தில வாற ஆள். பேர் நாங்கள் வைச்சது. அறிவித்தல் நான் எழுதினது."

பெரியப்பா சோடாப் போத்தல் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பிறகு, எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டார்:

"அப்ப என்னோட படிச்சது?"

அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, நேரே குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன், தண்டனையைக் கேட்க.

"விசாரிச்சுப் பாத்தன்" என்றார், சற்றும் குரல் தளம்பாமல். "அது வேற ஜெகநாதன். எங்கட பகுதி இல்லை. அடுப்பைப் போடுங்கோ."

விசிறி மீண்டும் சுழன்றது. குழுவிலும் அதையே எழுதினார். தப்பினோம் என்று நான் மூச்சு விட்ட அதே நேரத்தில் கஜன் அண்ணாவின் அறைக்கதவு திறந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். தன் கல்யாணத்தைக் குழப்பிய அறிவித்தலை, எழுத்துக்கூட்டி, அரை மணி நேரமாக வாசித்திருக்கிறார். எண்பத்து நான்கு பேரில் அதை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

"அம்மா, சகலன் எண்டால் என்ன?"

பெரியம்மா விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த கரண்டி அசைவற்று நின்றது. "தேப்பனும் மோனும் அக்கா தங்கச்சியைக் கட்டியிருக்கினமோ? ஆரடா இதை எழுதினது?"

"இஞ்ச பாருங்கோ, ராணியை ரெண்டு தரம் கட்டியிருக்கிறார்" என்றார் அண்ணா.

என் முகம் மீதியைச் சொல்லிவிட்டது. முதலில் அம்மா திட்டினார். திட்டு முடியுமுன் பெரியம்மா சிரிக்கத் தொடங்கி, மாவுக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அறிவித்தலை நான் எண்பத்து நான்கு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு மீளப்பெற்றேன். அவர் தன் மறுப்பை மீளப்பெறவே இல்லை. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராவது வசமாக மாட்டிக்கொண்டால், எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அது வேற ஜெகநாதன்." சென்ற மாதம் கஜன் அண்ணாவின் இரண்டு வயது மகள், உடைந்த குவளையைக் காட்டிக் கேட்டபோது அதையே சொன்னாளாம்.

மறுநாள் காலை குறித்த நேரத்தில் பொன் உருகியது. நான் எல்லோருக்கும் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு, எவர் கண்ணையும் பார்க்காமல் நடந்தேன். பெரியப்பா ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்:

"அந்தாள் என்னெண்டு செத்தது?"

"கார் ஆத்துக்க விழுந்தது, பெரியப்பா."

"உடம்பு எடுத்தவையோ?"

"இல்லை. காரை மட்டும்தான் எடுத்தவை."

அவர் பணியாரத்தை மென்று முடித்தார்.

"உடம்பு எடுக்காமல் என்னடி துடக்கு? இதை நேற்றே சொல்லியிருக்கலாமே."

நான் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேலே போனேன். ஆய்வுக் கோப்பைத் திறந்து, இறந்தவர்களின் பட்டியலிலிருந்து ஜெகநாதனை நீக்கி, "உறுதிப்படுத்தப்படாதவர்கள்" என்று புதிய தலைப்பிட்டு, அதன் கீழ் அவர் பெயரை எழுதினேன்.